வான்கோழிக்கு ஊசி வழியாக உப்புச்சாறு ஏற்றும் முறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு முழு வான்கோழியை ரோஸ்ட் செய்யும் வீடுகளில் ஆண்டுதோறும் எழும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: காலும் தொடையும் பதமாக வெந்திருக்க, நெஞ்சுக்கறி மட்டும் நார்நாராகப் பிரிந்து, குழம்பு ஊற்றாமல் விழுங்க முடியாதபடி வறண்டுவிடுகிறது. இதற்குச் சமைப்பவரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம். தொடையின் இணைப்புத் திசு இளகிக் குழைவதற்கு ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏற வேண்டும். நெஞ்சுக்கறியோ 65 டிகிரியைத் தாண்டியதிலிருந்தே தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே அடுப்பில் இருப்பதால், ஒன்று வேகும்வரை மற்றொன்று காய்ந்துகொண்டிருக்கிறது.

மேலே எவ்வளவு மசாலா தடவினாலும் இந்தச் சிக்கல் தீராது. தோலின்மீது தடவும் மசாலாவின் மணம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்குவதில்லை. உப்பு மட்டும் இறங்கும், ஆனால் நான்கைந்து விரல் தடிமனுள்ள நெஞ்சின் நடுப்பகுதியை எட்ட அதற்கு நாள்கணக்கில் ஆகும். ஊசி வழியாக ஏற்றுவதன் பயன் இங்கேதான் இருக்கிறது. உப்புக் கரைந்த சாற்றை நேராகத் தசைக்குள் செலுத்தும்போது, உப்பு அங்குள்ள புரதத்தின் ஒரு பகுதியைக் கரைத்துத் தசைநார்களை உப்பச் செய்கிறது. அப்படி உப்பிய நார்கள் வேகும்போது முன்பளவு சுருங்குவதில்லை, ஆகவே நீரும் முன்பளவு வெளியேறுவதில்லை. கறியை ஈரமாக வைப்பது அளவான உப்பே என்பதையும், இஞ்சி, பூண்டு, பட்டை எல்லாம் மணத்துக்காகச் சேர்பவை என்பதையும் முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் அளவுகளில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

பறவையைத் தேர்ந்தெடுக்கும்போது 4 கிலோ அளவுள்ள இளம் பெட்டையைக் கேட்டு வாங்குவது நல்லது. பெரிய சேவல் பார்வைக்கு மிடுக்காக இருக்கும். ஆனால் வீட்டு அடுப்பில் நுழையாது, நுழைந்தாலும் சீராக வேகாது. நம் ஊர்க் கறிக்கடைகளில் ஒன்றும் சொல்லாவிட்டால் தோலை உரித்துத் துண்டு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆகையால், வெந்நீரில் முக்கி இறகு பறித்து, தோலோடு முழுசாக வேண்டும் என்றும், தீயில் வாட்டுவதானால் பூஞ்சிறகு கருகும் அளவுக்கு மட்டும் வாட்ட வேண்டும் என்றும், மஞ்சள் தடவ வேண்டாம் என்றும் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். கழுத்தையும் ஈரல், கற்குடல் முதலியவற்றையும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழுத்தும் கற்குடலும் சாறு காய்ச்ச உதவும். அறுத்தவுடன் கொண்டுவந்த பறவையின் தசை சில மணி நேரத்தில் விறைத்து, பிறகு மெல்லத் தளரும். அது தளரும்வரை, அதாவது ஓர் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, மறுநாள் ஊசி போடுவதே முறை. விறைத்த தசைக்குள் சாறு பரவாது. போட்ட துளை வழியாகவே திரும்பி வழிந்துவிடும்.

உறைந்த வான்கோழி வாங்குவோர் முதலில் உறையில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். உப்புக் கரைசலோ பாஸ்பேட்டோ சேர்க்கப்பட்டதாகக் குறிப்பு இருந்தால், ஆலையிலேயே ஊசி ஏற்றியாகிவிட்டது என்று பொருள். அதற்கு மறுபடியும் உப்புச்சாறு ஏற்றினால் வாயில் வைக்க முடியாது. குறிப்பு இல்லையென்றால், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் உறைவைத் தளரவிடுங்கள். நம் கடலோரத்தில் டிசம்பர் மாதப் பகல்கூட 28, 29 டிகிரியைத் தொடுவதால், சமையல் மேடையில் வைத்து உருகவிடுவது ஆபத்தானது. நடுவில் பனிக்கட்டி இருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமி பெருகத் தொடங்கிவிடும். உள்ளே சிறிதளவு பனி மிச்சமிருந்தாலும் ஊசி அதில் முட்டி வளையும். நெஞ்சின் அடர்ந்த பகுதியை விரலால் அழுத்திப் பார்த்து, முற்றிலும் இளகிவிட்டதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கோழிக்கறியை மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணீர் அலசுவது நம் வழக்கம். வான்கோழியைக் குழாயடியில் அலசும்போது தெறிக்கும் நீர், தொட்டியைச் சுற்றியுள்ள பாத்திரங்கள் மீதெல்லாம் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகளைப் பரப்பும். உள்வயிற்றில் இரத்தக்கட்டு இருந்தால் விரலால் எடுத்துவிட்டு, காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஒற்றி எடுப்பதே போதுமானது. இதை வீட்டுப் பெரியவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அலசியே தீர வேண்டும் என்றால், அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி அதற்குள் மெதுவாக முக்கி எடுத்து, பின்னர் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இனி ஊசி. இதற்கென்றே செய்யப்பட்ட எஃகு ஊசிக்குழல்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. பெரும்பாலும் 30 முதல் 60 மில்லி வரை கொள்ளும். இவற்றோடு வரும் ஊசிகளில் ஒன்றின் நுனி அடைத்து, பக்கவாட்டில் பல சிறு துளைகள் இருக்கும். தெளிந்த சாற்றுக்கு அதுவே ஏற்றது, ஏனெனில் ஒரே அழுத்தலில் சுற்றிலும் பரவும். சரிந்த நுனியும் அகன்ற வாயும் உள்ள மற்றோர் ஊசி கெட்டியான விழுதுக்கானது. நாம் செய்யப்போகும் முறைக்கு அது தேவையில்லை. இது கிடைக்காதவர்கள் மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்சும், கிடைப்பதில் தடித்த ஊசியும் உறை பிரிக்காததாக வாங்கிப் பயன்படுத்தலாம். அந்த ஊசி எலும்பில் மோதினால் வளையக்கூடும் என்பதால் நிதானம் வேண்டும். வேலை முடிந்ததும் அது முழுதாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குச் செல்ல வேண்டும். ஒருமுறை எதற்காவது பயன்படுத்திய சிரிஞ்சைக் கொதிக்கவைத்துச் சமையலுக்கு எடுக்கும் எண்ணமே வேண்டாம்.

சாற்றின் அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கிலோவுக்கு 75 மில்லி சாறு. அந்தச் சாற்றில் நூற்றுக்கு ஆறு பங்கு உப்பு. ஆகவே 4 கிலோ வான்கோழிக்கு 300 மில்லி சாறும் 18 கிராம் உப்பும் தேவைப்படும். தூளுப்பு என்றால் இது தலைதட்டிய மூன்று தேக்கரண்டி. கல்லுப்பு கரண்டிக் கணக்குக்கு ஒத்துவராது, தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்தால் இந்தச் சாறு கடல்நீரைவிடக் கரிக்கும். அதைக் கண்டு உப்பைக் குறைத்துவிடாதீர்கள். 4 கிலோ கறிக்குள் பரவும்போது அது கிலோவுக்கு நாலரைக் கிராம்தான். மீதி உப்பு மேலே தடவுவதில் வந்து சேரும்.

மணத்துக்கு எதைச் சேர்ப்பது என்பது அவரவர் விருப்பம். பட்டரும் தைமும் போடும் மேல்நாட்டு முறை கெட்டதல்ல. ஆயினும் இந்த ஊரில் தாளிப்பு வடகம் இருக்கும்போது வேறொன்றைத் தேடிப் போக எனக்கு மனம் வருவதில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, சீரகம், வெந்தயம், உளுந்து எல்லாம் சேர்த்து வெயிலில் காயவைத்து உருட்டிய அந்த வடகம், பிரெஞ்சுக்காரர்களின் சமையலறைக்கும் வடுவான் என்ற பெயரில் போய்ச் சேர்ந்த பொருள். பறவைக் கறிக்கு அதன் மணம் அவ்வளவு பொருந்தும். கழுத்தையும் கற்குடலையும் முக்கால் லிட்டர் தண்ணீரில் சிறு தீயில் ஒரு மணி நேரம் காய்ச்சுங்கள். ஒரு மேசைக்கரண்டி வடகத்தை நெய்யில் சிவக்கப் பொரித்து அதில் போடுங்கள். நசுக்கிய எட்டுப் பல் பூண்டு, ஒரு விரற்கடை இஞ்சி, ஒரு தேக்கரண்டி ஒன்றிரண்டாக இடித்த மிளகு, சிறு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலை ஆகியவற்றையும் சேர்த்து, மேலும் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். முதலில் கம்பி வடிகட்டியிலும் அடுத்து மெல்லிய வெள்ளைத் துணியிலும் வடித்து, 300 மில்லி அளந்து, உப்பையும் இரண்டு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரையையும் கரைத்துவிடுங்கள். அளவு குறைந்திருந்தால் கொதித்த நீரால் நிரப்பலாம்.

துணியில் வடிப்பதைத் தவிர்த்தால் ஒரு மிளகுத் துகள் போதும், ஊசியின் துளை அடைத்துக்கொண்டு, இன்னும் பலமாக அழுத்தும்போது சாறு முகத்தில் தெறிக்கும். இஞ்சிச்சாற்றைப் பச்சையாகச் சேர்க்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு: பப்பாளியிலும் அன்னாசியிலும் இருப்பதுபோல இஞ்சியிலும் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது, அது தசைக்குள் இரவு முழுவதும் தங்கினால் கறி பிசுபிசுவென்று மாவாகிவிடும். கொதிக்கவைத்த இஞ்சியில் அந்த நொதி செயலிழந்துவிடும். பப்பாளி, அன்னாசிச் சாறுகளை இந்த வேலைக்கு அறவே விலக்குங்கள். எலுமிச்சையும் காடியும் ஓரிரு தேக்கரண்டிக்கு மேல் போனால் கறியின் உட்புறம் சுண்ணாம்புபோல் வெளிறிப் பொடியும். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் ஊசி சென்ற வழியெல்லாம் வண்ணக் கோடு போட்டுவிடும் என்பதால் அவற்றை மேற்பூச்சுக்கு ஒதுக்குவதே அழகு.

வடித்த சாற்றைப் பனிக்கட்டி நீரில் பாத்திரத்தோடு வைத்து விரைவாக ஆறவைத்து, பின்னர் குளிர்சாதனப் பெட்டியில் நன்றாகக் குளிரவிடுங்கள். மேலே உறைந்து மிதக்கும் நெய்யையும் கொழுப்பையும் கரண்டியால் வழித்து எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த கறிக்குள் கொழுப்பு ஏறினால் ஊசியிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். உருக்கிய வெண்ணெயை ஊசியால் ஏற்றும் செய்முறைகளில் நேர்வதும் இதுவே. வழித்த நெய்யை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் தோலில் தடவ உதவும். வெதுவெதுப்பான சாற்றை ஏற்றுவது அடைப்பைத் தவிர்க்கும் என்று சிலர் கருதுகிறார்கள். ஆனால் ஏற்றிய பறவையை இரவு முழுவதும் வைக்கப்போகிறோம் என்பதால், உட்புறத்தைச் சூடாக்கும் எதுவும் கூடாது.

ஊசி போடும் நேரத்தில் வான்கோழியை ஆழமான தாம்பாளத்தில் நெஞ்சு மேலிருக்கும்படி வையுங்கள். தேவையான சாற்றில் பாதியைத் தனி டம்ளரில் ஊற்றிக்கொண்டு, அதிலிருந்தே குழலில் இழுங்கள். பச்சைக்கறியைத் தொட்ட ஊசி முழுச் சாற்றையும் அசுத்தமாக்காமல் இருக்க இது வழி. டம்ளரில் கடைசியாக மிஞ்சுவதைக் கொட்டிவிட வேண்டும். கிரேவியில் சேர்க்கக் கூடாது. 300 மில்லியில் நெஞ்சின் இரு பக்கங்களுக்கும் 90 மில்லி வீதமும், தொடைகளுக்கு 40 மில்லி வீதமும், கீழ்க்கால்களுக்கு 20 மில்லி வீதமும் பகிர்ந்துகொள்ளுங்கள். இறக்கையில் கறி மிகக் குறைவு, அதை விட்டுவிடலாம்.

தோலின்மீது கண்ட இடத்தில் குத்துவதுதான் அவசரத்தில் பலரும் செய்வது. ஒவ்வொரு குத்தும் தோலில் ஒரு கிழிசல். வேகும்போது அது விரிந்து, சாறும் தோலடிக் கொழுப்பும் அதன் வழியே ஒழுகிவிடும். கழுத்துப் பக்கத்துத் தோலைச் சற்றே தூக்கி அதன் அடியிலிருந்தும், வயிற்றுப் பக்கத் திறப்பிலிருந்தும் ஊசியை நுழைத்தால் நெஞ்சின் தோல் பழுதில்லாமல் இருக்கும். மார்பெலும்புக்கு இணையாக, தசைநார் ஓடும் திசையிலேயே ஊசியை ஆழமாகச் செலுத்துங்கள். பிறகு அதை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே தண்டை அழுத்துங்கள். ஐந்து அல்லது ஆறு மில்லி இறங்கியதும் நிறுத்துங்கள். ஊசியை முழுவதும் வெளியே எடுக்காமல், அதே துளைக்குள் நுனியை இடப்பக்கம் ஒருமுறையும் வலப்பக்கம் ஒருமுறையும் சாய்த்து மறுபடி செலுத்துங்கள். விசிறி விரிப்பதுபோல ஒரு துளையிலிருந்து மூன்று நான்கு பாதைகள் கிடைத்துவிடும். ஒரு பக்க நெஞ்சுக்கு இத்தகைய துளைகள் நான்கைந்து போதும். சாற்றின் மணம் இறங்கிய இடத்தை விட்டு அதிகம் நகராது. ஆகவே ஒரே இடத்தில் நிறைய ஏற்றாமல் பல இடங்களில் சிறிது சிறிதாக ஏற்றுவதில்தான் வேலையின் நேர்த்தி இருக்கிறது. ஓரிடத்தில் தசை குமிழ்போல் புடைத்தால் அங்கே அளவு மீறிவிட்டது என்று அறிந்து, உள்ளங்கையால் மெதுவாக நீவிவிடுங்கள்.

தொடைக்கு, தொடையும் உடலும் சேரும் மூட்டின் உட்புறத்திலிருந்து நுழைவது எளிது. எலும்பை ஊசி தொட்டதும் ஒரு நெல்லளவு பின்னுக்கு எடுத்து அழுத்துங்கள். கீழ்க்காலில் கணுக்கால் பக்கமிருந்து மேல்நோக்கி, எலும்பின் இரு புறமும் ஒவ்வொரு முறை ஏற்றினால் போதும். தாம்பாளத்தில் சிறிது சாறு வழிந்து தேங்கத்தான் செய்யும். வழிந்ததை ஈடுகட்ட வேண்டும் என்று மேலும் மேலும் ஏற்றக் கூடாது.

ஏற்றி முடித்ததும் மேற்புறத்தை ஒற்றித் துடைத்து, 18 கிராம் உப்பும் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளும் கலந்து தோல் முழுவதும், வயிற்றின் உட்புறமும் தடவுங்கள். பிறகு மூடாமல், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், தாம்பாளத்தோடு குறைந்தது எட்டு மணி நேரம், கூடினால் ஒரு நாள் வைத்திருங்கள். மார்கழிக் கடற்காற்றின் ஈரத்தில் வெளியே எதுவும் உலராது. பெட்டிக்குள் வீசும் குளிர்காற்றோ தோலை உலர்த்திவிடும், உலர்ந்த தோல்தான் மொறுமொறுப்பாக வரும். மேலேயுள்ள தட்டைக் கழற்றினால் நடுத்தரப் பெட்டியிலும் 4 கிலோ பறவை அடங்கும். சமைக்காமல் சாப்பிடும் பழம், கேக் எதையும் அதன் கீழே வைக்காதீர்கள்.

ரோஸ்ட் செய்ய 45 லிட்டருக்குக் குறையாத ஓ.டி.ஜி. அடுப்பு வேண்டும்; சூடேறும் கம்பிக்கும் தோலுக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி இல்லாவிட்டால் தோல் கருகும். எடுத்து வைத்த வடக நெய்யைத் தோலில் தடவி, கால்களைச் சேர்த்து நூலால் கட்டி, 200 டிகிரியில் இருபது நிமிடமும், அடுத்து 165 டிகிரியிலும் வேகவிடுங்கள். 4 கிலோவுக்கு மொத்தம் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். நெஞ்சின் தோல் பொன்னிறமானதும் அதன்மேல் மட்டும் அலுமினியத் தாளைக் கவிழ்த்துவிட்டால், தொடை எட்டிப் பிடிக்கும்வரை நெஞ்சின் சூடு தாமதப்படும். வயிற்றுக்குள் சோறோ ரொட்டியோ திணிப்பதைத் தவிர்த்து, நறுக்கிய வெங்காயமும் எலுமிச்சைத் தோலும் மட்டும் போடுங்கள்; திணித்த பறவையின் நடுப்பகுதி வேகும்போது நெஞ்சு காய்ந்திருக்கும்.

கறி வெந்ததை அறிய, கத்தியால் குத்தி வழியும் நீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது ஊசி ஏற்றிய பறவைக்குப் பொருந்தாது. நாம் ஏற்றிய சாறே தெளிவாக வழிந்து ஏமாற்றிவிடும். கறிக்குள் செருகும் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். ஊசிக்குழலுக்கும் வெப்பமானிக்கும் இடையே ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வெப்பமானியை வாங்குங்கள் என்பேன். நெஞ்சின் அடர்ந்த நடுப்பகுதியில் எலும்பைத் தொடாமல் செருகி 74 டிகிரி, தொடை மூட்டின் உட்புறத்தில் 80 டிகிரி காட்டினால் இறக்கலாம். மேற்பரப்பின் கிருமிகளை ஊசி உள்ளே கொண்டுபோயிருக்கும் என்பதால், 74 டிகிரிக்கு முன்பே இறக்கும் சமையற்காரர்களின் துணிச்சல் இங்கே வேண்டாம். அதே சமயம் நெஞ்சு 85 டிகிரிக்கு ஏறிவிட்டால் எத்தனை மில்லி ஏற்றியிருந்தாலும் கறி வறண்டேதான் வரும். இரண்டு மணி நேரம் ஆனதிலிருந்து கால்மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

வீட்டில் அடுப்பு இல்லாதவர்கள் தெரிந்த பேக்கரியில் கேட்டுக் கொடுக்கலாம். ரொட்டி சுட்ட கையோடு இருக்கும் அடுப்பு நமக்குத் தேவையானதைவிட மிகச் சூடாக இருக்கும். தணிந்த பிறகு வைக்கச் சொல்லி, வெப்பமானியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கொண்டுபோகும்போது ஐஸ் பெட்டியில் வைப்பது நல்லது. ஆனால் கடலூர் துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸ் குடிநீரில் செய்ததென்று எண்ணிவிடக் கூடாது. பறவையை நன்றாகப் பொதிந்து, ஐஸ் கறியில் படாதபடி வைக்க வேண்டும்.

பேக்கரியும் வாய்க்காவிட்டால், 3 கிலோவுக்குட்பட்ட பெட்டையை இதே கணக்கில் ஊசி ஏற்றி, அடிகனத்த பெரிய தேக்சாவில் நெய்விட்டு எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடியின் விளிம்பை மைதா மாவால் அடைத்து, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் தம் போடலாம். பிறகு திறந்து வெப்பமானியால் பார்த்து, குறைந்தால் மறுபடி மூடுங்கள். தோல் மொறுமொறுப்பாக வராது. கறியின் ஈரம் அடுப்பில் வெந்ததற்குச் சற்றும் குறையாது.

இறக்கிய பறவையை உடனே அறுக்காமல் அரைமணி நேரம் தளர்வாக மூடிவைத்தால், சாறு பலகையில் ஓடாமல் தசையிலேயே தங்கும். அந்த அரைமணியில் தட்டில் தேங்கிய சாற்றைக் கிரேவியாக்குங்கள். அதில் உப்பு ஏற்கெனவே இறங்கியிருக்கும், எனவே கடைசியில் சுவைத்துப் பார்க்காமல் ஒரு சிட்டிகையும் சேர்க்க வேண்டாம். நெஞ்சை முழுத் துண்டாக மார்பெலும்பிலிருந்து கழற்றி, நாருக்குக் குறுக்கே அரை விரல் கனத்தில் அரிந்து பரிமாறுங்கள். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பு நீக்கிக் குளிரில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். எலும்பைக் காய்ச்சி வரும் நீரில் மறுநாள் மிளகு ரசம் வைக்கலாம், புளியைக் கொஞ்சம் கூட்டி, உப்பைப் பாதியாகக் குறைத்து.